நீர்மருது நின்ற கதவு

கூனிமலை அடிவாரத்து மேட்டுப்பதிக் காலனியில், தூள் மில்காரர்கள் தர்மத்துக்கு மாட்டிக்கொடுத்த கதவுகளை மாசி மாதத்து வெயிலில் முதன்முதலாகத் திறந்து வைத்தபோது, கதவின் நிழல் விழவேண்டிய இடத்தில் மரங்களின் நிழல் விழுந்தது. முதல் வீட்டுக் கதவுக்கு ஒரு வேங்கை, கிளையும் இலையுமாக எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் படர்ந்தது. அடுத்த வீட்டுக்கு ஒரு தான்றி, அதற்கடுத்த வீட்டுக்கு உச்சியில் கழுகுக் கூட்டோடு ஒரு ஈட்டி மரம் என்று வரிசையாக விழுந்துகொண்டே போக, முறத்தில் ராகியை எடுத்துக்கொண்டு காயப்போட வந்த ஒருத்தி, "இங்கயும் வெயிலக் காணமே" என்று சலித்துக்கொண்டு தார் ரோட்டுக்குப் போனாள். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

யாரும் ஆச்சரியப்படவில்லையா என்று கேட்பீர்கள். ஆச்சரியப்படுவதற்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். யானை போகிற வழி என்று சொல்லிச் சர்க்கார்காரர்கள் மலைமேலிருந்த பதியிலிருந்து அவர்களைக் கீழே இறக்கி, ஒரு புல்லும் முளைக்காத கல்லாங்குத்துப் பூமியில் தீப்பெட்டி அடுக்கினதுபோல் வீடு கட்டிக்கொடுத்து, வீட்டுக்குள் கதவு திறக்கக்கூட இடமில்லாததால் எல்லாக் கதவையும் வெளியே பார்த்துத் திறக்கிற மாதிரி வைத்து, அடுத்த மழைக்கு மரம் நட்டுத் தருகிறோம் என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள். நட்டதெல்லாம் 'மரம் வளர்ப்போம்' என்று எழுதின தகரப் பலகைதான். அப்படிக் கிடந்த சனத்துக்கு நிழல் என்று ஒன்று தானாக வந்தபோது, நீ எப்படி வந்தாய் என்று கேள்வி கேட்டு அதை விரட்டிவிட அவர்களுக்குப் பைத்தியமா என்ன? ஆட்டைக் கொண்டுபோய் வேங்கை நிழலில் கட்டினார்கள்.

தூள் மில்லைப் பற்றிச் சொல்லவேண்டும், அதையும் நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். போர்டில் அதற்குப் பெயர் பசுந்தாரைப் பலகை ஆலை. எங்கள் சேந்தம்பாளையத்துக்காரர்களுக்குத் தூள் மில். காட்டில் காய்ந்து விழுந்த கிளை, உரித்துப்போட்ட பட்டை, மர அறுவைக் கடைகளில் மிஞ்சுகிற தூள், காட்டையே மூடிக்கொண்டு ஒரு மாட்டுக்கும் மேய்ச்சல் விடாமல் மண்டிக்கிடக்கிற உண்ணிமுள், இதையெல்லாம் அரைத்து, பசை கலந்து, சூட்டில் வைத்து அழுத்திப் பலகையாக்கினால் கதவுக்கும் கட்டிலுக்கும் உயிருள்ள மரத்தை வெட்டவேண்டியதில்லை. நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனைதான். 'ஒரு பலகை செய்தால் ஒரு மரம் பிழைக்கும்' என்று மில் சுவரில் பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நானே சபாஷ் என்றேன். மேட்டுப்பதிக்காரர்கள் உண்ணிமுள் பிடுங்கக் கூலிக்குப் போனார்கள். பிடுங்கின இடத்தில் புல் வந்தது, புல்லுக்கு மான் வந்தது என்று அந்தக் காலனி ரேசி, மரங்காவல் நஞ்சனின் பெண்சாதி, சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் உண்ணிமுள் ஒரு பருவத்துக்குத்தான் வந்தது. மிஷினின் வயிறு அதற்கடுத்த பருவத்துக்கும் திறந்தே இருந்தது. நல்ல யோசனை ஒரு தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் ரொம்ப தூரம் போகவேண்டாம், எங்கள் ஊர் செக்போஸ்டில் வந்து நின்றால் போதும்: லாரியின் மேல்பரப்பில் உண்ணிமுள், அதற்குக் கீழே என்ன என்று யாரும் ஒரு கம்பி விட்டுக் குத்திப் பார்த்தது கிடையாது. பார்க்கவேண்டிய ரேஞ்சர் துரைக்கண்ணு, மில்லின் ஆண்டு விழாவில் கழுத்தில் ரோஜா மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கின மேட்டுப்பதிக்காரியின் மேல் கேஸ். அதே சுள்ளியை லாரிக்கணக்கில் அள்ளின மில்லுக்குக் காட்டைக் காக்கிறவர்கள் என்று கேடயம். இந்தக் கூத்தைக் கேட்டால் கல்லுக்கும் கோபம் வரும்.

மலைமேல், ஓடை திரும்புகிற இடத்தில், மேட்டுப்பதிக்காரர்களுடைய நீர்மருது நின்றது. வெளுத்த பட்டையோடு, அடியிலிருந்து இரண்டு கவையாகப் பிரிந்து, ஆள் உயரத்துக்கு மேலே போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்ட மரம். நடுவில் ஒரு கூடை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிறந்த பிள்ளையை அந்த ஓட்டை வழியாக இந்தப் பக்கமிருந்து கொடுத்து அந்தப் பக்கம் வாங்கித்தான் பேர் வைப்பார்கள். அவர்களுக்குள் ஒரு சண்டை சச்சரவு என்றால் போலீசும் கிடையாது, வக்கீலும் கிடையாது. இரண்டு கட்சிக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மரத்தின் நிழலுக்குள் போய் நின்று, நடந்ததை ஒரே ஒருதரம் சொல்லவேண்டும், சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது, ஏனென்றால் அந்த நிழலில் நின்று யாரும் பொய் சொன்னதில்லை. சொல்ல முடியாதவன் நிழலுக்கு வெளியிலேயே நின்றுகொள்வான், அதிலேயே எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிடும். நிழலில் நின்று பொய் சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுடைய மூப்பன் காரியிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியாதுங்க, ஆரும் சொல்லிப் பாத்ததில்லீங்க" என்றார்.

அந்த மரத்துக்குக் காவல் நஞ்சனின் குடும்பம். ஐப்பசியில் ஒருநாள் அவன் விளக்கு வைக்க மலையேறிப் போனபோது மரம் இல்லை. அடிக்கட்டை இருந்தது, ஈரத் தூள் குவிந்து கிடந்தது, லாரிச் சக்கரத்தின் தடம் ஓடை மண்ணில் இருந்தது. அவன் என்ன செய்தான் என்பதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் வேறு எந்த ஊர்க்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான். அவன் அடிக்கட்டையைக் கட்டிக்கொண்டு, "நாந்தான் வெட்டுனேன், நாந்தான் வெட்டுனேன், என்னயத் தண்டிச்சுக்க, என்ற சனத்த விட்டுரு" என்று மலை எதிரொலிக்கக் கத்தினான். சாமி மரம் புயலில் சாய்ந்தாலும் சரி, இடி விழுந்து கருகினாலும் சரி, காவல்காரன்தான் வெட்டினவன். அந்தப் பழியை அவன் வாய்விட்டு ஏற்றுக்கொண்டால்தான் மலையின் கோபம் மற்றவர்கள்மேல் இறங்காது. அவன் அப்பன் ஒரு மழைக்காலத்தில் கிளை முறிந்தபோது அப்படித்தான் கத்தினாராம், அப்போது யாரும் விலங்கோடு வரவில்லை. இந்தமுறை ரேஞ்சர் துரைக்கண்ணு வந்தார், அவன் கத்துகிறதைச் செல்போனில் நிதானமாகப் படம் பிடித்தார், "குற்றவாளியே ஒத்துக்கிட்டான், முடிஞ்சுது" என்றார், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கொடுவாளைத் தவிர வேறு ஆயுதமில்லாத ஒருத்தன், நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத ஒரு மரத்தை வெட்டி, துண்டு போட்டு, எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்: மடியிலா? ஜாமீனுக்கு நிலம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். மேட்டுப்பதியில் நிலம் உள்ளவர்கள் ஏது, பிடுங்கிக்கொண்டுதானே இறக்கினார்கள்? நஞ்சன் சப் ஜெயிலில் இருந்தான். ரேசி ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வந்து, கோர்ட் வாசலில் வெயிலில் நின்று, அவனை உள்ளே கூட்டிப்போகும்போது ஒருதரமும் வெளியே கூட்டிவரும்போது ஒருதரமும் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகுதான் கதவுகள் வந்தன, கதவுகளோடு மரங்கள் வந்தன.

காலனி அந்த நிழல்களை ரேஷன் அரிசியை ஏற்றுக்கொண்டதுபோல ஏற்றுக்கொண்டது; கல் இருந்தால் பொறுக்கிவிட்டு, மிச்சத்தை உலையில் போட்டு. பாதிக்குமேல் யோக்கியமான கதவுகள்தான், அவற்றுக்கு இடுப்பளவு உண்ணிமுள்ளின் நிழல் விழுந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதில் கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்துவைத்தார்கள். தான்றி நிழலில் சீட்டாட்டம் நடந்தது, ஈட்டி நிழலில் ஒரு பிரசவம் நடந்தது, காற்றே இல்லாத மத்தியானங்களிலும் மலையில் அடிக்கிற காற்றுக்கு அந்த நிழல்கள் கீழே ஆடின. பங்குனியில் வேங்கை நிழல் இலையுதிர்த்து மொட்டையாகிவிட, ஆடுகள் எதிர்வீட்டுக்கு மாறிக்கொள்ள, கதவை மாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு வீட்டுக்காரிகள் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள், உங்கள் கதவுக்கு என்ன நிழலுங்க என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். "எங்களுது ஈட்டிங்க" என்று சொல்வதில் ஒரு மிதப்பு வந்தது. மனிதன் எங்கே இருந்தாலும் மனிதன்தான்.

காலனியின் கடைக்கோடியில் சர்க்கார் கட்டிய கக்கூஸ் வரிசைக்குக் கடைசியாகத்தான் கதவு மாட்டினார்கள். மாட்டின மறுநாள் காலையில் ரேசி தகர டப்பாவில் தண்ணீரோடு போய் முதல் கதவைத் திறந்தாள். பொட்டல் முழுக்க ஒரு நிழல் பொத்தென்று விழுந்தது. இரண்டு கவையாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, நடுவில் ஒரு கூடை அளவு வெளிச்சம். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், அப்புறம்தான் அழுதாள். அவ்வளவு பெரிய மரத்தில் எத்தனையோ கதவு வந்திருக்கும், எந்த ஊர் ஓட்டல் ரூமில் கட்டிலாகவும் அலமாரியாகவும் கிடக்கிறதோ. ஆனால் நிழல் முழுதாக வந்து இறங்கினது அங்கேதான், பினாயில் நாற்றத்துக்கு நடுவில்தான்.

சாமியை அரைத்துக் கக்கூசுக்குக் கதவு போட்டவனைத் திட்ட எனக்குத் தெரிந்த வார்த்தைகள் போதவில்லை. எழுதினால் அச்சில் வராது. மேட்டுப்பதிக்காரர்கள் யாரையும் திட்டவில்லை. கதவைத் திறந்து கல் முட்டுக் கொடுத்தார்கள், வாசலைச் சாணி போட்டு மெழுகினார்கள், அந்தப் பருவத்தில் பிறந்த பிள்ளைகளைக் கூடை அளவு வெளிச்சத்தின்மேல் தூக்கிப்பிடித்துப் பேர் வைத்தார்கள், கக்கூசுக்கு மட்டும் யாரும் போகவில்லை. அதற்கும் ஒரு ஆபீசர் விசாரணைக்கு வந்தார்.

"கோடி கோடியா செலவு பண்ணிக் கட்டிக்குடுத்தா, நீங்க காட்டுக்குத்தான் போவீங்களா?"

"சாமி நிக்குதுங்க. அதத் தாண்டி எப்படிங்க போறது?" என்றார் மூப்பன் காரி.

"என்ன சாமி? இது கதவுய்யா."

"கதவா ஆக்குனது நாங்களுங்களா?"

ஆபீசர், இந்தச் சனம் திருந்தாது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் கேள்விப்பட்டு மில் மேனேஜர் சுதர்சனம் வந்தார். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்; கூடவே போட்டோக்காரர்களையும் அழைத்து வந்திருந்தார். 'கதவு வாங்குங்கள், நிழல் இலவசம்' என்று விளம்பரம் போட்டார்கள். கார் நிறுத்த நிழல் வேண்டும் என்று டவுன்காரர்கள் ஓடி வந்தார்கள், எல்லோரும் உயரமான மரமாகக் கேட்டார்கள், உண்ணிமுள் கதவைக் கேட்பார் இல்லை. நீர்மருதின் நிழலைப் படமெடுக்க மேனேஜர் கக்கூஸ் பக்கம் வந்தபோது ரேசி எதிரில் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், நீங்க காஞ்ச கட்டையும் உண்ணிமுள்ளுந்தானுங்க எடுக்கறீங்க?"

"ஆமாம்மா. பச்சை மரத்துல கை வைப்போமா? எங்க கொள்கையே அதுதானே."

"காஞ்ச கட்டைக்கு எலை இருக்குங்களா?"

மேனேஜர் கீழே பார்த்தார். நிழலில் இலை அடர்ந்திருந்தது, பூங்கொத்து ஆடியது, ஒரு கிளையில் தேனடை தொங்கியது. "நிழலை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

"அப்ப அதுக்குள்ள வந்து நின்னு, பச்சை மரம் வெட்டலைன்னு ஒருக்கா சொல்லீருங்க சார். என்ற ஊட்டுக்காரரு வெட்டுனதாவே நானும் நம்பிக்கறேன், வாய மூடிக்கறேன்."

மேனேஜர் சிரித்தார், வாட்சைப் பார்த்தார், மீட்டிங் என்றார். போகும்போது நிழலின் ஓரத்தை மிதிக்காமல், சேற்றைச் சுற்றிப் போகிறவர் மாதிரி, பொட்டலை முழுக்கச் சுற்றிக்கொண்டு காருக்குப் போனதைக் காலனியே பார்த்தது. அன்றோடு விளம்பரம் நின்றது. அடுத்த வாரம் மில்லிலிருந்து ஆட்கள் வந்து, கக்கூஸ் கதவில் பழுது இருக்கிறது, மாற்றித் தருகிறோம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்கள். பெண்கள் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் ஓடாத பஸ்ஸை மாற்றச் சொல்லி எத்தனை மனு கொடுத்திருக்கிறோம், ஒரு நட்டும் மாறினதில்லை. ஒரு கக்கூஸ் கதவின்மேல் மட்டும் அவ்வளவு அக்கறை. ஆட்கள் நாளைக்குப் போலீசோடு வருகிறோம் என்று போனதும், ரேசி மூப்பனிடம் சொன்னாள்: "அவிய எடுத்துட்டுப் போறக்கு முன்னால நாம எடுத்துட்டுப் போயரலாமுங்க. நாளைக்கு வாய்தா."

விடிந்ததும் கதவைக் கழற்றினார்கள். சாமியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது என்று மூப்பன் சொன்னதால், இரண்டு மூங்கிலில் கட்டி நேராக நிறுத்தித் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், கூனிமலை ரோட்டில் நடந்து வந்தார்கள். கதவோடு நீர்மருதின் நிழலும் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்குக் காத்துநின்றவர்கள் நிழல் தங்கள்மேல் வந்ததும் அதைவிட்டு வெளியே வர மனமில்லாமல் கூடவே நடந்தார்கள். இளநீர் வண்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். சேந்தம்பாளையத்துக்குள் நுழைந்தபோது அந்த மரத்துக்கு அடியில் பாதி ஊர் இருந்தது, நானும் இருந்தேன்.

எங்கள் கோர்ட் வளாகத்தில் மரம் கிடையாது. இருந்த வேம்பைக் கார் ஷெட்டுக்கென்று வெட்டினார்கள், ஷெட்டும் வரவில்லை. கொடிக்கம்பத்தில் கதவைச் சாய்த்துக் கட்டினார்கள். காலை வெயிலுக்கு நிழல் மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் கிடந்தது. உள்ளே நஞ்சனின் கேஸைக் கூப்பிட்டபோது, ரேசி பின்னாலிருந்து எழுந்து, சாமி வந்திருக்கிறது, வாசலில் நிற்கிறது, கேட்டுப் பாருங்கள் என்றாள். நீதிபதி கெட்டவர் இல்லை, தூங்கி எழுந்த முகமுள்ள ஒரு மனிதர்.

"நிழல் சாட்சி ஆகாதும்மா. சட்டத்துல அதுக்கு இடமில்லை."

"சட்டத்துல எடமில்லாட்டிப் போகுதுங்க ஐயா, வாசல்ல எடமிருக்குதுங்க. எந்திரிச்சு வந்து பாருங்க."

கோர்ட் சிரித்தது. சர்க்கார் வக்கீல் செல்போன் படத்தை ஓட்டிக் காட்டினார், நாந்தான் வெட்டுனேன் என்று நஞ்சனின் குரல் அந்த ஹாலில் மறுபடி கத்தியது, நீதிபதி தேதி போட்டுத் தள்ளிவைத்தார்.

போலீஸ்காரர் நஞ்சனை விலங்கோடு வெளியே கூட்டிவந்தபோது உச்சி தாண்டியிருந்தது, நிழல் திரும்பி வளாகத்துக்குள் விழ ஆரம்பித்திருந்தது. நஞ்சன் அதன் விளிம்பில் நின்றுவிட்டான். கழற்றுவதற்கு அவன் காலில் செருப்பு இல்லை. கூட வந்த போலீஸ்காரர் எங்கள் ஊர்க்காரர். அவர் விலங்கைப் பிடித்துக்கொண்டே தன் பூட்சை மட்டும் கழற்றிவிட்டு அவனோடு உள்ளே போனார். நஞ்சன் மரத்தைப் பார்க்கிறவன்போலத் தலையைத் தூக்கி வெறும் ஆகாயத்தைப் பார்த்தான். "காக்கத் தவறுனேன், அது என்ற தப்பு. வெட்டுனது நானில்ல" என்றான், ஒரே ஒருதரம். வளாகம் முழுக்கக் கேட்டது. மேட்டுப்பதிக்காரர்களுக்கு அங்கேயே தீர்ப்பு ஆகிவிட்டது.

ரேசி திரும்பினாள். சாட்சி சொல்ல வந்த ரேஞ்சர் துரைக்கண்ணுவும் வேடிக்கை பார்க்க வந்த மேனேஜர் சுதர்சனமும் கிழக்குப் பக்கம் வெயிலில் நின்றிருந்தார்கள். "இனி நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

மூடநம்பிக்கையை ஒழிக்கவேண்டும் என்று சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் மைக்கில் பேசுகிறவர் ரேஞ்சர். நாலடி எடுத்துவைத்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும், அவ்வளவுதான். கீழே இருந்தது வெறும் நிழல், அதிலும் ஒரு கக்கூஸ் கதவின் நிழல். அவர் வரவில்லை. சூரியன் யாருக்காகவும் நிற்பதில்லை, சாய்ந்துகொண்டே போனது. நிழல் ஒரு முழம் வந்தால் அவர்கள் ஒரு முழம் பின்னால் போனார்கள், இரண்டு முழம் வந்தால் இரண்டு முழம் போனார்கள், ஜீப்பும் காரும் நிழலுக்குள் மாட்டிக்கொண்டன, கேட் மாட்டிக்கொண்டது, கடைசியில் இரண்டு பேரும் கிழக்கு மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு பாய் அகல வெயிலில் நின்றார்கள். "வாங்க சார், கதவுதான? வெறுங் கதவுதான?" என்று ரேசி கத்தினாள், அந்தக் குரலில் ஐப்பசியிலிருந்து அவள் விழுங்கின அத்தனையும் இருந்தது. ரேஞ்சர் துரைக்கண்ணு யூனிபாரத்தோடு மதில் ஏறிக் குதித்தார். மேனேஜருக்கு ஏறத் தெரியவில்லை. ரேஞ்சர் மதிலின் மேலாகக் கைகொடுத்து அவரை மூட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டார். ஊர் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதில் ஏறிக் குதித்தவன் வெளியில் இருந்தான், நிழலில் நின்று சொன்னவன் வேனில் ஏற்றப்பட்டு ஜெயிலுக்குப் போனான்.

கதவு கொடிக்கம்பத்திலேயே நின்றது; அதைத் தூக்கிவிட வேண்டும் என்று கோர்ட்டில் எல்லோரும் சொன்னார்கள், யாரும் தூக்கவில்லை. சித்திரை வெயிலில் நீதிபதியின் கார் அந்த நிழலில்தான் நின்றது. டைப் அடிப்பவர்கள் மேஜையை அதற்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், கைக்குழந்தையோடு ஜீவனாம்சத்துக்கு வந்த பெண்கள் அங்கே தூளி கட்டாத குறையாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் வேறொன்றும் தெரிந்தது. காசுக்குச் சாட்சி சொல்லப் பரம்பரையாக வருகிற ஆட்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். அவர்களை அழைத்து வருகிற தரகர்கள் எதிர் டீக்கடைக்கு இடம் மாறினார்கள். சில வக்கீல்கள் மட்டும் பின்பக்கச் சந்து வழியாக மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து போனார்கள். கட்சிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வக்கீலை மாற்றிக்கொண்டார்கள். யாரும் இதைப் பற்றி வாய்திறந்து பேசவில்லை. உன் வக்கீல் எந்தப் பக்கமா வர்றார் என்று கேட்பதுமட்டும் எங்கள் ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது.

ரேஞ்சர் துரைக்கண்ணு அதற்குப் பிறகு ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. சம்மன் போனது, முதுகுவலி என்றார். மறுபடி போனது, பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். செல்போன் படம் எடுத்தவர் வந்து சத்தியம் செய்து சொன்னால்தான் படம் சாட்சியாகும், அவர் வராமல் அது வெறும் கூச்சல். ஆடி போய் ஆவணி வந்தபோது, அந்தத் தூங்கி எழுந்த முகமுள்ள நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சர்க்கார் தரப்புச் சாட்சி வராத காரணத்தால் நஞ்சனை விடுதலை செய்வதாகப் படித்தார். மேட்டுப்பதிக்காரர்கள் எழுந்து கும்பிட்டார்கள். ரேசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நஞ்சன் கூண்டிலிருந்து இறங்கவில்லை.

"வெட்டுனது நானில்லைன்னு எழுதிப்போட்டீங்களா ஐயா?"

"நீ வெட்டினதா நிரூபிக்கலைன்னு எழுதியிருக்கு. நீ போகலாம்."

"வெட்டுனது ஆருன்னு எழுதியிருக்குதுங்களா?"

"அது இந்தக் கேஸ்ல வராதுப்பா."

"அப்ப அந்தக் கேஸக் கூப்புடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலி, அடுத்த பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தவர், எல்லோருக்கும் தெரிந்த அந்த இரண்டு பெயர்களைக் கூப்பிடலாமா என்று நீதிபதியின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.